இழைமணிக்கு விழும் இரண்டாவது அடி

பிறந்தவுடன் அழாத ஒரு பிள்ளை. உடம்பு நீலம் பாரித்திருக்கிறது, கைகால் துவண்டு கிடக்கிறது. மருத்துவச்சி முகத்தில் மூடியைப் பொருத்திக் காற்றுப் பையை அமுக்குகிறார். சில நிமிடங்களில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, தோல் சிவக்கிறது, மெல்லிய அழுகை ஒன்று கேட்கிறது. வெளியே காத்திருந்தவர்களுக்கு உயிர் வருகிறது. மறுநாள் பிள்ளை பால் இழுப்பதில்லை. பிறகு வலிப்பு வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளில் சில மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இறந்துபோகின்றன. பிழைப்பவற்றில் சில கழுத்து நிற்காமல், நடக்காமல், பேசாமல் வளர்கின்றன.

ஒட்சிசன் இல்லாதபோது மூளை கெடும் என்பது யாருக்கும் விளங்கும். ஒட்சிசன் வந்து, பிள்ளை சிவந்து, அழுத பிறகும் மூளை ஏன் கெடுகிறது? நாற்பது ஆண்டு ஆய்வுகள் இந்தக் கேள்விக்குத் தந்திருக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டுகிறது. கலத்துக்குள் இருக்கும் இழைமணிதான் அந்த இடம். அந்த ஆய்வுகளை இங்கே ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அவற்றால் என்ன பயன் என்பதே என் அக்கறை.

ஊவாவின் கொஸ்லந்தை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2014 ஒக்டோபர் 29. அன்று காலை ஏழரை மணியளவில் அங்குள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. மண்ணுக்குள் அகப்பட்டவர்களின் மூளைக்கு நடந்ததும், பிரசவ அறையில் மூச்சில்லாமல் பிறக்கும் பிள்ளையின் மூளைக்கு நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. மண்சரிவை நாடே பார்த்தது. பிரசவ அறையில் நடப்பது ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் எண்ணிக்கையில் அது சிறியதல்ல. 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 11.5 இலட்சம் பச்சிளங் குழந்தைகளுக்கு இத்தகைய மூளைப் பாதிப்பு ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் 96 வீதத்தினர் பிறந்தது வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில்.

வளர்ந்த ஒருவரின் மூளை உடல் எடையில் சுமார் 2 வீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பச்சிளங் குழந்தையில் மூளையின் பங்கு இன்னும் பெரியது. நரம்புக் கலம் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளே வைத்திருக்க ஓயாமல் உழைக்கிறது, அதற்கான ஏ.டி.பி என்ற சக்திப் பொருளை ஆக்குவது இழைமணி. உணவிலிருந்து பிரிந்த இலத்திரன்கள் இழைமணியின் உட்சவ்வில் உள்ள நான்கு புரதத் தொகுதிகள் வழியாகக் கைமாறிப்போய், இறுதியில் ஒட்சிசனைச் சேர்ந்து நீராகின்றன. இந்த வரிசையின் கடைசியில் நின்று இலத்திரனை வாங்கிக்கொள்வதே ஒட்சிசனின் வேலை. அது இல்லாவிட்டால் வரிசை முழுவதும் தேங்கி நின்றுவிடும்.

அப்படித் தேங்கியதும் சில நிமிடங்களுக்குள் ஏ.டி.பி தீர்ந்துபோகிறது. சோடியம் உள்ளே பாய்கிறது, கலம் வீங்குகிறது. நரம்பு முனைகள் குளுட்டமேற்றைக் கட்டுப்பாடின்றிக் கொட்டுகின்றன. அது அடுத்த கலங்களின் கதவுகளைத் திறந்து கல்சியத்தை உள்ளே விடுகிறது. இது முதலாவது அடி. நெடுநேரம் நீடித்தால் இதுவே கலத்தைக் கொன்றுவிடும். ஆனால் குறித்த நேரத்துக்குள் ஒட்சிசன் திரும்பினால் பல கலங்கள் எழுந்துகொள்கின்றன, ஏ.டி.பி மறுபடியும் உருவாகிறது. அந்தப் பிள்ளை அழுவது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாவது அடியைக் குழந்தைகளிலேயே நேராகக் கண்டு காட்டியவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் ஒஸ்மண்ட் ரெனல்ட்ஸ் தலைமையில் வேலை செய்த குழுவினர். மூளையைத் தொடாமல் அதன் பொசுபரசுச் சேர்மங்களை அளக்கும் காந்த அதிர்வு முறையைப் பிறப்பில் மூச்சுத்திணறிய குழந்தைகளில் அவர்கள் பயன்படுத்தினார்கள். 1984இல் வெளியான முடிவு எதிர்பாராதது. முதல் நாளில் பல குழந்தைகளின் மூளைச் சக்தி அளவு ஏறக்குறைய இயல்பாக இருந்தது. அடுத்த நாட்களில், இரத்தத்தில் ஒட்சிசன் போதுமானதாக இருந்தும், அது வீழ்ந்தது. வீழ்ச்சி எவ்வளவு ஆழமோ பிள்ளையின் எதிர்காலம் அவ்வளவு மோசமாக இருந்தது. முதல் சரிவுக்கும் இரண்டாவது சரிவுக்கும் இடையில் ஆறு மணி நேரம் அளவில் ஓர் அமைதி இருக்கிறது. சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அந்த அமைதிக்குள் இழைமணியில் என்ன நடக்கிறது? தேயிலைப் பெக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பச்சைக் கொழுந்து செடியில் இருக்கும்போதும் அதைச் சுற்றிக் காற்று இருக்கிறது, ஆனால் அது கறுப்பதில்லை. ரோலரில் நசுங்கி, கலத்துக்குள் தனித்தனி அறைகளில் இருந்தவை ஒன்றோடொன்று கலந்த பிறகுதான் அதே காற்று பட்டுக் கொழுந்து செம்பு நிறமாகிறது. ஒட்சிசன் மாறவில்லை, அது வந்து சேரும் இடத்தின் நிலை மாறிவிட்டது. மூச்சுத்திணறலுக்கு உள்ளான இழைமணியும் அப்படித்தான் நிலை மாறிக் காத்திருக்கிறது.

அந்த நிலை மாற்றத்துக்குப் பெயர் கொடுத்த ஆய்வு 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கேம்பிரிட்ஜின் மைக்கல் மேர்பி, எட்வர்ட் சுசானி ஆகியோரைக் கொண்ட குழு, இரத்தம் நின்றுபோன எலியின் உறுப்புகளில் சக்சினேற்று என்ற ஒரு சாதாரண வளர்சிதைப் பொருள் பெருமளவில் குவிவதைக் கண்டது. ஒட்சிசன் இல்லாத நேரத்தில் ஒரு நொதியம் தலைகீழாக இயங்குவதால் வரும் குவியல் அது என்று அவர்கள் விளக்கினார்கள். இரத்தம் திரும்பியதும் இந்தக் குவியல் சில நிமிடங்களில் எரிக்கப்படுகிறது. அதிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் முன்னோக்கிப் போக இடமில்லாமல் பின்னோக்கி முதலாம் தொகுதிக்குள் தள்ளப்படுகின்றன. அங்கே அவை ஒட்சிசனோடு தவறான இடத்தில் சேர்ந்து சுப்பரொட்சைட்டு என்ற வினைமிக்க மூலிகமாகின்றன. அந்தக் குழுவின் பெரும்பாலான சோதனைகள் இதயத்தில் நடந்தவை. மூளையிலும் சக்சினேற்று குவிவதை அவர்கள் காட்டினார்கள். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2012இல், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வடிம் டென் குழுவினர் புதிதாய்ப் பிறந்த எலிகளில், மூளைச் சேதத்துக்குக் காரணமான மூலிகங்கள் முதலாம் தொகுதியிலிருந்தே வருகின்றன என்றும், ஒட்சிசன் திரும்பும் நேரத்தில் அந்தத் தொகுதியைச் சற்று மட்டுப்படுத்தினால் சேதம் குறைகிறது என்றும் கண்டிருந்தார்கள். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வழியாக வந்து ஒரே தொகுதியில் முடிந்தன. இந்தத் துறையில் நான் மிக உறுதியாக நம்பும் முடிவு இதுதான்.

சுப்பரொட்சைட்டு தோட்டங்களுக்குப் புதிதல்ல. களைக்கொல்லியாக அடிக்கப்பட்ட பரகுவாட்டு கலத்துக்குள் செய்ததும் இலத்திரன்களைத் திருடி இதே மூலிகத்தைப் பெருக்கியதுதான். அதிகம் அழிந்தது நுரையீரல். பரகுவாட்டை இலங்கை 2008 முதல் படிப்படியாக விலக்கியது.

மூலிகம் பிறந்த பின் நடப்பது வேகமானது. சுப்பரொட்சைட்டு ஐதரசன் பரவொட்சைட்டாகிறது. கட்டுப்படாத இரும்பு அருகில் இருந்தால் அது ஐதரொட்சில் மூலிகமாகி, எதிர்ப்பட்ட எதையும் தாக்குகிறது. நைத்திரிக்கொட்சைட்டு இருந்தால் இன்னொரு கொடிய சேர்மம் உருவாகிறது. இழைமணியின் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு உண்டு. சைற்றோகுரோம் சீ என்ற சிறு புரதத்தை அது சவ்வோடு பிடித்துவைக்கிறது. அந்தக் கொழுப்பு ஒட்சியேறினால் பிடி தளர்கிறது. சைற்றோகுரோம் சீ வெளியே கசிந்து, கலம் தன்னைத்தானே கொன்றுகொள்ளும் நொதியங்களை எழுப்பிவிடுகிறது. அதே வேளையில், உள்ளே குவிந்த கல்சியமும் மூலிகங்களும் சேர்ந்து சவ்வில் துளைகளைத் திறக்கின்றன. இழைமணியின் சொந்த மரபணு வளையம், 16,569 எழுத்துகளைக் கொண்டது, மூலிகங்கள் பிறக்கும் சவ்வுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அதுவும் அடிபடுகிறது. எனவே ஒட்சிசன் தாராளமாக இருந்தும் இழைமணியால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. லண்டன் குழு கண்ட இரண்டாவது சரிவின் உள்விவரம் இது.

பச்சிளங் குழந்தையின் மூளை இதற்குக் கூடுதலாக ஆளாகக் காரணம் உண்டு. அதில் எளிதில் ஒட்சியேறும் கொழுப்பு அதிகம். பரவொட்சைட்டை அகற்றும் நொதியங்கள் இன்னும் முதிரவில்லை. கட்டுப்படாத இரும்பு அதிகம். சான்பிரான்சிஸ்கோவில் டொனா பெரியேரோ குழு 1996இல் வெளியிட்ட ஒரு சோதனையை மறக்க முடியாது. சுப்பரொட்சைட்டை அழிக்கும் நொதியம் கூடுதலாக உள்ள எலிக் குஞ்சுகளை அவர்கள் சோதித்தார்கள். வளர்ந்த எலிகளில் அந்த நொதியம் மூளையைப் பாதுகாத்திருந்தது. குஞ்சுகளில் சேதம் கூடியது. சுப்பரொட்சைட்டு வேகமாகப் பரவொட்சைட்டாக மாறியது, அதை அகற்ற அடுத்த நொதியம் போதவில்லை. ஒட்சியேற்ற எதிரி என்றால் எதுவும் நல்லது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. நம் தேயிலையிலும் அத்தகைய பொருட்கள் நிறைய உண்டு. ஆனால் தாய் தேநீர் குடிப்பதாலோ சத்து மாத்திரை விழுங்குவதாலோ இந்தச் சேதம் தடுக்கப்படும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

இந்த அறிவிலிருந்து நடைமுறைக்கு வந்த முதல் பெரிய பலன் டில்லியில் கிடைத்தது. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்கு 100 வீத ஒட்சிசன் கொடுப்பது உலகமெங்கும் நெடுங்கால வழக்கம். திரும்பிவரும் ஒட்சிசனே மூலிகங்களை உண்டாக்குகிறது என்றால் இவ்வளவு எதற்கு என்று நோர்வேயின் ஓலா சௌக்ஸ்டாட் கேட்டார். டில்லியின் சித்தார்த் ராம்ஜியும் அவரும் சேர்ந்து 84 குழந்தைகளில் சாதாரணக் காற்றையும் தூய ஒட்சிசனையும் ஒப்பிட்டு 1993இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் காற்று எதிலும் குறைந்ததாக இல்லை. 1998இல் பல நாடுகளில் 609 குழந்தைகளைக் கொண்ட ஆய்வும், பிறகு வந்த தொகுப்பு ஆய்வுகளும் இன்னும் ஒரு படி மேலே போயின. காற்றால் உயிர்ப்பிக்கப்பட்டவர்களில் இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைவாக இருந்தது. 2010இல் சர்வதேச வழிகாட்டல்கள் மாறின. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்று சாதாரணக் காற்றோடு தொடங்குவதே முறை. ஒட்சிசன் சிலிண்டர் இல்லாத சிறு வைத்தியசாலையில் ஒரு பையும் முகமூடியும் பழகிய கையும் இருந்தால் உயிர் காக்கலாம். ஏழை நாட்டில் பிறந்த ஓர் ஆய்வு உலகின் பழக்கத்தையே மாற்றியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மருந்துகளின் கதை துயரமானது. மூலிகங்களைப் பிடிக்கும் என்.எக்ஸ்.வை-059 என்ற மருந்து 2006இல் பக்கவாத நோயாளர்களில் நம்பிக்கை தந்தது. 2007இல் 3,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட அடுத்த ஆய்வில் பயனில்லை என்று ஆயிற்று. பச்சிளங் குழந்தைகளுக்கு உடலைக் குளிரூட்டுவதோடு செனன் வாயுவும் கொடுத்துப் பார்த்தார்கள், 2016இல் ஏமாற்றம். எரித்ரோபொயெற்றின் ஊசி 2022இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் கைவிட்டது. எலியில் பலித்த மருந்து மனிதனில் பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் நேரம் என்றே நினைக்கிறேன். சக்சினேற்று எரிவது இரத்தம் திரும்பிய முதல் நிமிடங்களில். ஆய்வகத்தில் மருந்து அதற்கு முன்பே செலுத்தப்பட்டிருக்கும். பிரசவ அறையில் ஊசி ஏறுவதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடுகின்றன. தவிர, சிறிய அளவில் மூலிகங்கள் கலத்துக்குச் செய்தி சொல்பவையும்கூட. எல்லாவற்றையும் துடைத்தெறிவது நோக்கமாக இருக்க முடியாது.

பணக்கார நாடுகளில் நிலைபெற்ற ஒரே சிகிச்சை குளிரூட்டல். உடல் வெப்பம் ஒரு பாகை குறையும்போது மூளையின் வளர்சிதை வேகம் சுமார் 5 முதல் 7 வீதம் இறங்குகிறது, மூலிகங்களும் குறைகின்றன. 1990களில் பன்றிக்குட்டிகளிலும் ஆட்டுக் கருக்களிலும் பயன் தெரிந்தது. சீதா சங்கரன் தலைமையில் அமெரிக்காவில் 208 குழந்தைகளில் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. பிறந்து ஆறு மணிக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 பாகையில் வைத்திருந்த குழந்தைகளில் 44 வீதம் இறந்தோ நடுத்தர அல்லது கடும் ஊனமுற்றோ போயின. வழமையான பராமரிப்பில் 62 வீதம். 2013இல் 11 ஆய்வுகளின் 1,505 குழந்தைகளைத் தொகுத்தபோது குளிரூட்டியதில் 46 வீதம், மற்றதில் 61. வளர்ந்தோரில் கதை வேறு: இதயம் நின்று மீண்டவர்களில் 1,900 பேரைக் கொண்ட 2021 ஆய்வில் குளிரூட்டல் பயன் தரவில்லை.

நம் பகுதிக்கு இது பொருந்துமா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, உருகும் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பொருளால் மின்சாரமின்றிக் குளிரூட்டும் மலிவான படுக்கையை உருவாக்குவதில் பங்கெடுத்தது. அது இந்தியாவில் பல இடங்களில் பயன்பட்டது. பிறகு வந்தது ஹெலிக்ஸ் ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில், 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, பங்களாதேசம் ஆகிய நாடுகளின் ஏழு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். சென்னையும் இலங்கையின் ராகமையும் அதில் இருந்தன. இந்த ஆய்வில் பயன்பட்ட குளிரூட்டும் கருவி நல்லது, வெப்பநிலை சரியாகவே பேணப்பட்டது. 2021இல் வந்த முடிவு பலரையும் உலுக்கியது. இறப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கில் குளிரூட்டிய பிரிவில் 50 வீதம், மற்றதில் 47, வேறுபாடு இல்லை. இறப்பை மட்டும் எடுத்தால் 42க்கு 31. குளிரூட்டப்பட்ட பிள்ளைகளே கூடுதலாக இறந்திருந்தன.

இதை எப்படி வாசிப்பது என்பதில் இன்னும் சண்டை உண்டு. தேர்வான குழந்தைகளின் நிலை வேறு, பிற பராமரிப்பு வேறு, ஆகவே குளிரூட்டலையே குற்றம் சொல்ல முடியாது என்போர் பலர். இந்தியாவில் பல மையங்கள் தொடர்ந்து குளிரூட்டுகின்றன. எனக்கு வலுவாகப் படும் விளக்கம் இழைமணியின் கால ஒழுங்கிலிருந்தே வருகிறது. குளிரூட்டல் பயன் தருவது அந்த அமைதிக் காலத்துக்குள் தொடங்கினால் மட்டுமே. ஹெலிக்ஸ் குழந்தைகளில் பலருக்கு முதல் ஆறு மணிக்குள்ளேயே வலிப்பு வந்திருந்தது. மூளைப் படங்களில் வெண்பொருளின் சேதம் முன்னின்றது. திடீரென ஒட்சிசன் அடியோடு நின்றால் மூளையின் நடு முடிச்சுகள் கெடும். வெண்பொருள் கெடுவது நெடுநேரம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்ததற்கு அடையாளம். அப்படியென்றால் பிள்ளை பிறக்கும்போதே அந்த ஆறு மணி நேரத்தில் பாதியோ முழுவதுமோ கருப்பைக்குள் கழிந்திருக்கிறது. கடிகாரம் பிரசவ வலியின்போதே ஓடத் தொடங்கிவிட்டது.

கொஸ்லந்தைக்கு இந்த விளக்கமே பொருந்துகிறது. கருப்பை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நச்சுக்கொடிக்கு வரும் இரத்தம் சற்று நேரம் குறைகிறது. நன்றாக வளர்ந்த பிள்ளை அதைத் தாங்கும். எடை குறைந்த, நச்சுக்கொடியில் இருப்பு இல்லாத பிள்ளை தாங்குவது கடினம். தாய் குள்ளமாக வளர்ந்திருந்தால் பிள்ளை சிக்கி வலி நீளும் ஆபத்தும் கூடுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப் பகுதியில் 32 வீதம். அந்தப் பெண்பிள்ளைகள்தான் நாளை தாய்மார். நிறைமாதம் வரை மலையேறிக் கொழுந்தெடுக்கும் உடலில் இரத்தச்சோகையும் இருந்தால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனின் கணக்கு வலி தொடங்கும் முன்பே குறைந்துவிடுகிறது.

பிறகு தூரம். நாட்டில் பிரசவங்களில் 99 வீதத்துக்கு மேல் வைத்தியசாலைகளில் நடக்கின்றன. தோட்டங்களும் அதற்குள் வந்துவிட்டன, இது பெரிய சாதனை. ஆனால் சத்திரசிகிச்சை தேவைப்படும் ஒருவரைக் கொஸ்லந்தையிலிருந்து பெரகலை, அப்புத்தளை வழியாகத் தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ ஏற்றியாக வேண்டும். அதற்கு முன் லயத்திலிருந்து தார்ரோட்டுக்கு வரும் தோட்டப் பாதை இருக்கிறது. தோட்ட லொறியில் கர்ப்பிணிகளை ஏற்றிப்போன காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 2018இல், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை ஊவாவுக்கு வந்தது. ஆனால் மழைக்காலத்தில் மலை இளகினால் அந்தப் பாதையும் அடைபடுகிறது. மீரியபெத்தையில் ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மண்ணுக்கும் மூளைக்கும் ஒரே விதி: ஆபத்து தெரிந்த பின்னும் செயற்படாத நேரமே உயிரை எடுக்கிறது.

ஆகவே என் முடிவு இது. இழைமணியைக் குறிவைக்கும் மருந்து ஒருநாள் வரலாம். முதலாம் தொகுதியின் பின்னோட்டத்தை நிறுத்தும் மருந்துக்கே நான் அதிக நம்பிக்கை வைக்கிறேன். அது வரும்வரை ஊவாவுக்குச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாவும் பிள்ளை பிறக்கும் முன்னுள்ள மணிகளுக்குப் போக வேண்டும். வலியின்போது பிள்ளையின் இதயத்துடிப்பை ஒழுங்காகக் கேட்க ஒரு மருத்துவச்சி, வலியைக் கூட்டும் ஊசியைக் கண்காணிப்பின்றி ஏற்றாத விடுதி, காற்றுப் பையை ஒவ்வோர் ஆண்டும் பழகிப்பார்க்கும் தாதியர், இரவிலும் இயங்கும் சத்திரசிகிச்சைக் கூடம், அம்புலன்ஸ் ஏறிவரக்கூடிய தோட்டப் பாதை, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் ஓய்வும். பதுளையிலும் ஆறு மணிக்குள் குளிரூட்டும் வசதி வரட்டும். ஆனால் ஹெலிக்ஸின் கணக்கைப் பார்க்காமல், முடிவுகளைப் பதிவுசெய்யாமல் அதைத் தொடங்கக் கூடாது.

தோட்டத்தில் இதை வாசிக்கும் தங்கைமாருக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை பார்க்காதீர்கள். பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தால், இரத்தம் போனால், வலி நீண்டுகொண்டே போனால், உடனே 1990ஐ அழையுங்கள்.